பைபோலாரும் கவனக்குறைவு ஏடிஎச்டியும் சேர்ந்திருந்தால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

பைபோலார் என்பது மனநிலை எழுச்சிக்கும் சோர்வுக்கும் இடையே அலையாக மாறும் நோய். அது அடங்கியிருக்க வேண்டுமானால் நாள் ஒழுங்காக ஓட வேண்டும். படுப்பது, எழுவது, மாத்திரை போடுவது எல்லாம் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கவனக்குறைவு வகை ஏடிஎச்டி (கவனத்தை நிறுத்திவைப்பதும் வேலையை ஒழுங்குபடுத்துவதும் சிறு வயதிலிருந்தே கடினமாக இருக்கும் மூளை வளர்ச்சிக் கோளாறு) உள்ளவருக்குக் கைகூடாதது அந்த ஒழுங்குதான். இரண்டும் ஒருவரிடமே இருக்கும்போது ஒரு சுழல் உண்டாகிறது. மாத்திரை மறந்துபோகிறது, மனநிலை ஆடுகிறது, தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டதால் மறதி கூடுகிறது, அடுத்த வேளை மாத்திரையும் போய்விடுகிறது. இதைச் சோம்பல் என்று வீட்டார் சொன்னாலும் சரி, நீங்களே உங்களைச் சொல்லிக்கொண்டாலும் சரி, அது உண்மையல்ல.

இப்படி இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமும் அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு கணக்கின்படி, பைபோலார் உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு ஏடிஎச்டியும் இருக்கிறது. ஏடிஎச்டி உள்ள பெரியவர்களில் பதின்மூன்றில் ஒருவருக்கு பைபோலாரும் இருக்கிறது.

கீழே வருவதெல்லாம் ஒரே எண்ணத்தின்மேல் நிற்கிறது: ஒழுங்கை ஞாபகத்திடம் ஒப்படைக்காதீர்கள், பொருள்களிடம் ஒப்படையுங்கள். பெட்டி, அலாரம், விளக்கு, சுவரில் ஒட்டிய தாள், நம்பிக்கையான ஓர் ஆள் என அது எதுவாகவும் இருக்கலாம். மருந்தின் அளவுகள் சொல்லப்படும் இடங்களில், அவை மருத்துவரிடம் விவரமாகப் பேசுவதற்கானவை. நீங்களாகவே கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ அல்ல.

முதல் படி: எது எதன் வேலை என்று பிரித்தறிதல்

அறிகுறிகளின் பட்டியலை வைத்து இவ்விரண்டையும் பிரிக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். கவனம் சிதறுவது, பேச்சு தடம் மாறுவது, வேலை பாதியில் நிற்பது எல்லாம் இரண்டு பட்டியலிலும் உண்டு. பிரித்துக் காட்டுவது காலம். ஏடிஎச்டி 12 வயதுக்கு முன்பே தலைகாட்டி, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பைபோலார் அலையாக வரும். மேனியா (தூக்கம் குறைந்து, மனமும் வேகமும் அளவுமீறி எழும் கட்டம்) என்று சொல்ல அந்த எழுச்சி குறைந்தது 7 நாள் நீடிக்க வேண்டும், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனால் நாள் கணக்கு இல்லை. அதன் மென்மையான வடிவமான ஹைப்போமேனியாவுக்குக் குறைந்தது 4 நாள், மனச்சோர்வுக் கட்டத்துக்கு 2 வாரம்.

கவனக்குறைவு வகையினர் பெரும்பாலும் வகுப்பில் சத்தம் போடாத பிள்ளைகள். ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பிள்ளையை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. அதனால்தான் பலருக்கு பைபோலார் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, ஏடிஎச்டி பல ஆண்டு கழித்தே தெரியவருகிறது.

அன்றாடத்தில் உதவும் சோதனைகள் இரண்டு. ஒன்று, தூக்கச் சோதனை. ஏடிஎச்டியால் இரவு 2 மணி வரை விழித்திருந்தவர் மறுநாள் சோர்ந்து கிடப்பார். ஹைப்போமேனியாவில் 3, 4 மணி நேரமே தூங்கியவர் மறுநாள் முழுத் தெம்போடு எழுவார். தூக்கம் வராமல் இருப்பது வேறு, தூக்கம் தேவைப்படாமல் இருப்பது வேறு. இரண்டாவது, விருப்பச் சோதனை. ஏடிஎச்டி உள்ளவருக்குச் சலிப்பான வேலையில்தான் கவனம் நிற்காது. பிடித்த விஷயம் கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்து அதில் மூழ்கிவிடுவார். மனச்சோர்வில் பிடித்த விஷயமும் சுவைக்காது. ‘ஏடிஎச்டி மோசமாகிவிட்டது’ என்று தோன்றும் வாரத்தில் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்: வழக்கமாக ஈர்க்கும் ஏதாவது ஒன்று இப்போதும் ஈர்க்கிறதா?

இங்கே பெரும்பாலானவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஹைப்போமேனியாவின் தொடக்கம், ஏடிஎச்டி குணமாகிவிட்டது போலவே இருக்கும். மாதக்கணக்கில் கிடந்த வேலைகள் முடிகின்றன, மனம் கூர்மையாக இருக்கிறது, ‘கடைசியில் இப்படித்தான் மற்றவர்கள் வாழ்கிறார்களோ’ என்று தோன்றுகிறது. புது மருந்து தொடங்கிய நேரமாக இருந்தால், மருந்து பலித்துவிட்டது என்றே எல்லோரும் மகிழ்வார்கள். நல்ல வாரத்தைச் சந்தேகிப்பது மனதுக்குக் கொடுமையான வேலைதான், ஆனால் தூக்க மணிகளை மட்டும் பார்த்தால் போதும். வேலை நடக்கிறது, தூக்கம் வழக்கம்போல் இருக்கிறது என்றால் அது நல்ல வாரமே, அனுபவியுங்கள். வேலை நடக்கிறது, ஆனால் தூக்கம் தொடர்ந்து மூன்று இரவு குறைந்திருக்கிறது, களைப்பும் இல்லை என்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது மூன்றை எடுத்துப் போங்கள். பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகள் இருந்தால் அவை, முக்கியமாக ஆசிரியர் எழுதிய குறிப்புகள். உங்களைச் சிறு வயதிலிருந்தே அறிந்த ஒருவர், நேரிலோ ஃபோனிலோ. மூன்றாவதாக, ஒரே பக்கத்தில் வரைந்த ஆயுள்கோடு: வயதை வரிசையாக எழுதி, எழுச்சிக் காலங்களைக் கோட்டுக்கு மேலும் சோர்வுக் காலங்களைக் கீழும் குறியுங்கள், தூக்கம் எப்படி இருந்தது, என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். கோட்டுக்கு மேலும் கீழும் போகாத, சமநிலையான ஆண்டுகளில் கவனம் எப்படி இருந்தது என்பதுதான் ஏடிஎச்டியைத் தீர்மானிக்கும் கேள்வி. எழுச்சியின் உச்சியிலோ சோர்வின் அடியிலோ இருக்கும்போது ஏடிஎச்டி சோதனை செய்தால் முடிவை நம்ப முடியாது. இரத்த உறவுகளில் யாருக்கு பைபோலார் இருந்தது என்பதையும் கேட்டு வையுங்கள்.

இரண்டாம் படி: மருந்தின் வரிசை

முதலில் மனநிலை, பிறகு கவனம். இந்த வரிசை மாறக்கூடாது. சுவீடன் நாட்டு மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. மனநிலையை நிலைநிறுத்தும் மருந்து இல்லாமல், ஏடிஎச்டிக்குத் தரப்படும் தூண்டல் வகை மருந்தான மெத்தில்ஃபெனிடேட் தொடங்கிய பைபோலார் நோயாளிகளுக்கு, முதல் 3 மாதங்களில் மேனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய 6.7 மடங்கு ஆனது. நிலைநிறுத்தும் மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பைபோலார் இருப்பதால் ஏடிஎச்டி மருந்தே கூடாது என்பதும் தவறு, உடனே தொடங்கிவிடலாம் என்பதும் தவறு.

மனநிலை அடங்கிய பிறகும் மூளை மந்தமாக இருந்தால், ஏடிஎச்டிதான் என்று முடிவுகட்டுமுன் நான்கை விலக்க வேண்டும்: மிச்சமிருக்கும் மனச்சோர்வு, இரவு மருந்தின் மயக்கம் காலையிலும் தங்குவது, மனநிலையை நிலைநிறுத்தும் மருந்தான லித்தியத்தால் தைராய்டு சுரப்பு குறைவது, தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய். தைராய்டு ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் நான்காவதைக் கேட்டே ஆக வேண்டும். இரவு 9 மணிக்குப் போட வேண்டிய, தூக்கம் வரவைக்கும் மனநிலை மருந்தான குயிட்டியாப்பினை மறந்து 1 மணிக்குப் போட்டால், மறுநாள் முற்பகல் முழுக்க மூடுபனிதான். அதைக் கவனக்குறைவு என்று எண்ணி இன்னொரு மருந்து சேர்ப்பது, கசியும் குழாயை அடைக்காமல் தரையைத் துடைப்பதற்குச் சமம்.

ஏடிஎச்டி மருந்து தொடங்கும்போது மிகச் சிறிய அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்ட வேண்டும். உடனே கரையும் மெத்தில்ஃபெனிடேட் 5 மி.கி.யில் தொடங்குவது உண்டு. அது 3 முதல் 4 மணி நேரம் வேலை செய்யும். நீண்டு செயல்படும் வகைகள் 8 முதல் 12 மணி நேரம். காலையிலேயே போடுங்கள். மறந்து பிற்பகலில் ஞாபகம் வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், கவனம் ஒரு நாள் போனால் போகட்டும், இரவுத் தூக்கம் போகக்கூடாது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டு மருந்தை ஒன்றாக மாற்றினால், நன்மையும் கெடுதலும் எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை ஆகியவற்றைத் தொடங்குமுன்பும் பின்பும் பார்க்கச் சொல்லுங்கள்.

அட்டோமாக்ஸிட்டினும் ஏடிஎச்டி மருந்துதான், ஆனால் தூண்டல் வகையைச் சேராதது. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். தூண்டல் வகை இல்லை என்பதால் மேனியா வராது என்று நினைக்க வேண்டாம், அதிலும் கவனிக்க வேண்டும். ஃப்ளூஆக்ஸிட்டின், பராக்ஸிட்டின், பூப்ரோப்பியான் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் உடலில் அட்டோமாக்ஸிட்டினின் அளவை ஏற்றிவிடும். இன்னொரு ஏடிஎச்டி மருந்தான குவான்ஃபசின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறலாம், ஆகவே அடிக்கடி மாத்திரை மறப்பவருக்கு அது சிக்கலான தேர்வு.

தொடங்கும் அன்றே மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுதி வாங்க வேண்டிய கேள்வி: “எந்த அறிகுறி வந்தால் ஏடிஎச்டி மருந்தை அன்றே நிறுத்தி உங்களைக் கூப்பிட வேண்டும்?” மனநிலை மருந்தை மட்டும் ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா திரும்பும் ஆபத்து அதிகம்.

மூன்றாம் படி: மாத்திரை

சரியான மருந்து மாத்திரை அட்டையிலேயே கிடந்தால் பயனில்லை என்பதால், இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வாரத்தின் 7 நாளுக்கும் காலை, இரவு என 14 அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். மறதியைவிட ஆபத்தானது ‘போட்டேனா, போடவில்லையா’ என்ற சந்தேகம். சந்தேகத்தில் இரண்டாம் முறை போடுவது லித்தியத்தில் விளையாட்டல்ல. பெட்டி இருந்தால் அறை காலியா என்று பார்த்தால் போதும். வாரம் ஒரு நாளை நிரப்பும் நாளாக வைத்து, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு அதைக் கட்டுங்கள். பெட்டியை அலமாரிக்குள் வைக்காதீர்கள். கண்ணில் படாதது இந்த மூளைக்கு இல்லாததுதான். பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில், வெளியே, கண் மட்டத்தில் இருக்கட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மட்டும் எட்டாத உயரத்தில் பூட்டி வைத்து, பிரஷ் பக்கத்தில் ஓர் அட்டையை ஒட்டுங்கள்.

அலாரத்துக்கு ஒரே விதி: மாத்திரை வாயில் போன பிறகே அணைக்க வேண்டும். கை வேலையாக இருந்தால் ஒத்திப் போடுங்கள், அணைக்காதீர்கள். ‘இதோ, இதை முடித்துவிட்டு’ என்று அணைத்த அலாரத்தோடு அந்த வேளை மாத்திரையும் போயிற்று. நாளுக்கு எத்தனை வேளை என்பதைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு வேளை லித்தியத்தை இரவு ஒரே வேளையாக மாற்றுவது பலருக்குச் சாத்தியம்.

மருந்து தீர்ந்துபோவது இன்னொரு ஓட்டை. கடைசி அட்டையைப் பிரிக்கும்போது அதிலுள்ள பத்தாவது மாத்திரையின்மேல் சிவப்பு டேப் ஒட்டுங்கள், டேப்பைத் தொட்ட அன்றே மருந்து வாங்க வேண்டும். எப்போதும் எடுத்துப் போகும் பையில் இரண்டு நாளுக்கான மாத்திரை, பெயர் எழுதிய உறையில் இருக்கட்டும்.

மருந்துவாரியாகத் தெரிந்திருக்க வேண்டியவை:

லாமோட்ரிஜின். இதுவும் மனநிலையை நிலைநிறுத்தும் மருந்து. வழக்கமாக 2 வாரம் 25 மி.கி., அடுத்த 2 வாரம் 50, பிறகு 100 என ஏறி 200 வரை போகும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மனநிலை மருந்தும் எடுப்பவர்களுக்கு இதில் பாதி. மெதுவாக ஏற்றுவதற்குக் காரணம், வேகமாக ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் கொப்புளம் வரும் வாய்ப்பு கூடுவது. ஏடிஎச்டி உள்ளவர்கள் மனதில் ஆணியடித்து வைக்க வேண்டியது இது: ஏறக்குறைய 5 நாளுக்கு மேல் தொடர்ந்து விட்டுப்போனால், பழைய அளவுக்கு நேரே திரும்பக்கூடாது, மீண்டும் 25இலிருந்து ஏற வேண்டும். ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று 200 போடுவது ஆபத்து. தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை இதன் அளவைப் பாதிவரை குறைத்துவிடும், தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் சொல்லுங்கள்.

லித்தியம். இரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்குமாறு வைப்பார்கள். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்தே இரத்தம் கொடுக்க வேண்டும், இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு. காலை வேளை இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். நிலையான பிறகும் இரத்த அளவு, சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றை 6 மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அடுத்த தேதியை, பரிசோதனைக் கூடத்தை விட்டு வெளியே வருமுன் ஃபோனில் பதிந்துவிடுங்கள், வீட்டுக்குப் போய் என்று தள்ளினால் ஆறு மாதம் ஒன்றரை ஆண்டாகும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றும். தலைவலிக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. வாந்தி, பேதி, கடும் வியர்வை, உப்பைத் திடீரென்று குறைப்பது ஆகியவையும் ஏற்றும். தினமும் காபி குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினாலும் ஏறும்.

இரண்டு நோயும் இருப்பவருக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. ஏடிஎச்டி மருந்து பசியை அடக்கும், கவனக்குறைவு தாகத்தை மறக்கடிக்கும். சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் மாலை வரை வேலை செய்தால் லித்தியம் ஏற வழியாகும். ஏடிஎச்டி மாத்திரைக்கு முன்பே காலை உணவு, மேசையில் ஒரு லிட்டர் புட்டி, மதியச் சாப்பாட்டுக்கு ஓர் அலாரம் என மூன்றும் கட்டாயம். கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, நாக்கு குழறுவது, ஓயாத வாந்தி பேதி வந்தால் லித்தியம் நஞ்சாகியிருக்கலாம், அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் தீங்கு செய்யக்கூடியது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ளவர்கள் முதல் மருந்துச்சீட்டின்போதே இதைப் பேச வேண்டும்.

நான்காம் படி: தூக்கமும் ஐந்து ஆணிகளும்

பைபோலாருக்கென்று உருவான சமூகத் தாளச் சிகிச்சையில் (அன்றாட நேரங்களை ஒழுங்காக வைக்கப் பழக்கும் சிகிச்சை) ஒவ்வொரு நாளையும் ஐந்து ஆணிகளால் அறைகிறார்கள்: படுக்கையை விட்டு எழுவது, முதல் மனிதரோடு பேசுவது, வேலை தொடங்குவது, இரவு உணவு, படுப்பது. வழக்கமான நேரத்திலிருந்து 45 நிமிடத்துக்குள் நடந்தால் அது சரியாக விழுந்ததாகக் கணக்கு. ஐந்தையும் முதல் நாளே அறைய முயன்றால் ஒரு வாரத்தில் எல்லாம் கழன்றுவிடும். எழும் நேரத்தை மட்டும் மூன்று வாரம் பிடியுங்கள், விடுமுறை நாளிலும். தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் ஓரளவு இருக்கிறது. எழுந்தவுடன் வெளிச்சத்தில் நில்லுங்கள்.

இரவில் ஏடிஎச்டி உள்ளவரைத் தடுப்பது தூக்கத்தின்மேல் வெறுப்பல்ல, செய்துகொண்டிருப்பதிலிருந்து எழ முடியாமை. ஆகவே படுக்கைக்கு ஒரு அலாரம் போதாது. 90 நிமிடம் முன்பு ஒன்று, பெரிய விளக்குகளை அணைக்க. 45 நிமிடம் முன்பு ஒன்று, ஃபோனை வேறு அறையில் சார்ஜில் போட. நேரத்தில் ஒன்று, படுக்க. அலாரத்துக்கு ஃபோன் வேண்டாம், தனிக் கடிகாரம் வாங்குங்கள்.

கெடு நெருங்கியபின் இரவு முழுக்க விழித்து வேலையை முடிப்பது ஏடிஎச்டி உள்ளவர்களின் பழைய ஆயுதம். பைபோலாரும் இருப்பவர் அதைக் கீழே போட்டே ஆக வேண்டும். ஒரே ஓர் இரவின் விழிப்பு மேனியாவைத் தூண்டிவிடக்கூடும். வேலை தாமதமானால் ஒரு மன்னிப்புக் கடிதம் போதும், மேனியா வந்தால் மாதங்கள் போகும். இரவுப் பணியையும் முடிந்தவரை தவிருங்கள்.

ஐந்தாம் படி: இருபது நொடிப் பதிவு

பன்னிரண்டு கட்டங்கள் உள்ள மனநிலை அட்டவணைகள் நான்காம் நாளே கைவிடப்படும். மூன்றே எண்கள் போதும்: நேற்று தூங்கிய மணி, மனநிலை −3 முதல் +3 வரை, மாத்திரை போட்டதற்கு ஒரு கோடு. தாளை மாத்திரைப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். விட்டுப்போன நாளை யோசித்து நிரப்ப வேண்டாம், காலியாக விடுங்கள், காலிக் கட்டங்களும் மருத்துவருக்குச் செய்திதான். வாரம் ஒருமுறை இன்னொருவர் கண்ணால் பார்க்கட்டும், ஏனென்றால் மேலே ஏறும்போது தான் ஏறுவது தனக்குத் தெரியாது.

ஆறாம் படி: வேலையும் பணமும்

ஏடிஎச்டிக்குச் சொல்லப்படும் உத்திகள் சமநிலையில் நன்றாகவே வேலை செய்யும்: வேலையைக் கண் முன்னால் வைப்பது, ஐந்து நிமிடம் மட்டும் தொடங்குவது, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துச் செய்வது. சோர்வில் பட்டியலை மூன்றாகச் சுருக்குங்கள்: மாத்திரை, சாப்பாடு, குளியல். ஏறுமுகத்தில் உத்தியைத் தலைகீழாக்க வேண்டும். தொடங்க உதவுவதை நிறுத்தி, தொடங்காமலிருக்க உதவ வேண்டும். புது யோசனையைத் தேதியோடு நோட்டில் எழுதி, 3 நாள் கழித்தே தொடுங்கள்.

பணத்தில் இரண்டு நோயும் கைகோக்கும். இணையக் கடைகளில் சேமித்த அட்டை விவரங்களை அழியுங்கள், அட்டைக்கு நாள் வரம்பு வையுங்கள், பெரிய செலவுக்கு 48 மணி நேரமும் ஓர் ஆளின் ஒப்புதலும் வேண்டும் என்று முன்பே ஒப்பந்தம் செய்யுங்கள். இவற்றைச் சமநிலையில்தான் செய்ய முடியும்.

ஏழாம் படி: நெருக்கடித் தாள்

ஒரே பக்கம். மேலே மருந்துகளும் அளவுகளும், மருத்துவரின் எண், அவசர எண். நடுவில், ஏறும்போதும் இறங்கும்போதும் உங்களிடம் முதலில் தெரியும் மூன்று அடையாளங்கள், வீட்டார் சொன்ன சொற்களிலேயே. கீழே, யார் என்ன செய்யலாம் என்று நீங்கள் தரும் அனுமதி: மருத்துவரிடம் பேசலாமா, அட்டையை வாங்கி வைக்கலாமா, வண்டிச் சாவியை எடுக்கலாமா.

மிக ஆபத்தான நிலை எது என்பதை அந்தத் தாளில் தனியாக எழுதுங்கள். மனம் இருண்டிருக்க, உடம்பில் மட்டும் துடிப்பும் படபடப்பும் மிகுந்திருக்கும் கலவை நிலை அது. ஏடிஎச்டியின் யோசிக்காத வேகமும் அதோடு சேரும்போது தற்கொலை எண்ணம் செயலாவதற்குள் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த எண்ணம் வந்தால் மறுநாளைக்குக் காத்திருக்காமல், தனியாக இராமல், அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். லித்தியம் அளவு மீறினால் உயிரைப் பறிக்கும், ஆகவே ஆபத்தான காலங்களில் வாரத்துக்கான மாத்திரை மட்டும் உங்களிடமும் மிச்சம் நம்பிக்கையான ஒருவரிடமும் இருக்கட்டும்.

தாளின் ஒரு பிரதியைப் பணப்பையிலும், ஒன்றைக் குளிர்பெட்டிக் கதவிலும், ஒன்றை அந்த நபரின் ஃபோனில் படமாகவும் வையுங்கள். மருந்துச்சீட்டு மாறிய அன்றே பழைய பிரதிகளைக் கிழித்து, புதியதில் தேதி போடுங்கள்.